சைக்கிள் இட்லி அண்ணாச்சிய பத்தி ஏன் யாருமே எழுத மாட்டேங்கறாங்க?

கிங்ஸ்சர்க்கிள்காரன் | ஞாயிறு, காலை 11:20

இன்னிக்கு காலைல மும்பை மாட்டுங்கால கஃபே மெட்ராஸ் ஹோட்டல் வாசல்ல பேரு எழுதிக் குடுத்துட்டு முக்கா மணி நேரம் நின்னேன். சுத்தி நிக்கற கும்பல்ல பாதிப் பேரு போன்ல ஏதோ ஒரு லிஸ்ட், மாட்டுங்கால சாப்பிட வேண்டிய இடம்னு. எட்டிப் பாத்தா அதே பேருங்கதான். மைசூர் கஃபே 1936, ராமாஷ்ரய் 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக் 1942. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருஷம், ஒரு ஸ்தாபகர், ஒரு கதை. நல்லா இருக்கட்டும், நானே அங்க ரசம் வடைக்கு அடிமை, குறை சொல்ல வரல.

நின்னுட்டு இருக்கும்போதே சிக்னல் பக்கம் பாம் பாம்னு ஹாரன். சைக்கிள் கேரியர்ல பெரிய அலுமினிய இட்லி டப்பா, ஹேண்டில்ல சட்னி தூக்கு. கியூல நின்ன ஒரு ஆளு திரும்பிப் பாக்கல. அப்பதான் எனக்கு உறைச்சுது, லோயர் பரேல்ல எங்க ஆபீஸ் வாசல்ல 11 வருஷமா ஒருத்தர்கிட்டதான் என் நாஷ்டா, வாரத்துக்கு நாலு நாளு, அவரு பேரு எனக்கு தெரியாது. அண்ணான்னு கூப்பிடுவேன், அவரு தம்பிம்பாரு, அவ்ளோதான். எந்த ஊரு, எங்க மாவாட்றாங்க, எத்தன மணிக்கு எந்திரிக்கறாங்க ஒண்ணும் தெரியாது. இவ்ளோ பேருக்கு காலைல வயித்த நெரப்பறவங்கள பத்தி சாப்பாடு எழுதறவங்க யாராவது முழுசா எழுதியிருக்காங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டோம்பிவிலி_லோக்கல் | 11:34

தாராவி. எல்லாரும் தாராவிலேருந்துதான் வராங்க. இதுக்கு ஒரு இழையா அண்ணே, ரசம் வடை போட்டோ போடுங்க

மாட்டுங்காமாமி | 12:05

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கஃபே மெட்ராஸ்னு பேர் இருக்கறதுனால அது தமிழா ஹோட்டல்னு எல்லாரும் நெனச்சுண்டிருக்கா. அது காமத் குடும்பம். ராமா நாயக்கும் உடுப்பிப் பக்கம்தான். சாம்பார்ல வெல்லம் தட்டுப்படறதே, அப்பவே தெரியலையா? நம்ம ஊர் மனுஷா, அதுவும் பாலக்காட்டுக்காரா, இங்க குமாஸ்தா உத்யோகத்துக்கு வந்தா, ஹோட்டல் வைக்க வரலை. 1932லயே சவுத் இண்டியன் எஜுகேஷன் சொஸைட்டி ஆரம்பிச்சாச்சு, பள்ளிக்கூடம், பஜனை, கோவில் எல்லாம் பண்ணிண்டா. சமையல்னா ஆத்துக்குள்ளதான், இல்லேன்னா கல்யாணத்துக்கு சமையல் மாமா. அந்த மாமாக்கள் பேரும் எந்த பேப்பர்லயும் வரலை, அவா கை பட்ட ஓலனுக்கு ஈடா நான் இன்னும் ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டதில்லை.

சைக்கிள் இட்லி பத்தி எனக்கு சொல்ல ஒண்ணுதான் இருக்கு. எங்க லேன்ல அந்த ஹாரன் கேட்டா எங்க மாமியார் ஜன்னல் கதவை சாத்துவா. கண்ட எடத்துலேர்ந்து வர்ற இட்லிம்பா. கண்ட எடம்னா எதுன்னு அப்போ நான் கேக்கலை, கேக்காமலே புரிஞ்சுது. நானும் 30 வருஷம் வாங்கினதில்லை. இப்போ எழுதறச்சே கொஞ்சம் கூசறது.

டோம்பிவிலி_லோக்கல் | 12:11

மாமி 🙏

செம்பூர்_சீனு | 14:40

மாமி சொன்னது சரி. மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்துல, நடுவுல தண்டவாளம். மாட்டுங்கா லேபர் கேம்ப்னு பேரு வச்ச இடமே தாராவிக்குள்ளதான் இருக்கு, அது பல பேருக்கு தெரியாது. ஒரு பக்கம் 1896 பிளேகுக்கு அப்புறம் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிளான் போட்டு நேர்கோடா ரோடு, தோட்டம்னு கட்டுன காலனி, இன்னொரு பக்கம் தோல் பதனிடறதுக்கு திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து வந்து சதுப்பு நிலத்த தானே மண்ணு கொட்டி நிமித்தின ஜனங்க. ரெண்டுமே தமிழ்தான். ஒண்ணுக்கு ஹெரிடேஜ் வாக் இருக்கு, இன்னொண்ணுக்கு ஸ்லம் டூர் இருக்கு. (ஆமா, கோவத்துலதான் எழுதறேன்.)

உடுப்பிக்காரங்களையும் ஈஸியா ஜெயிச்சவங்கன்னு நெனச்சுடாதீங்க. பத்து பன்னெண்டு வயசுல டேபிள் தொடைக்க வந்து, ராத்திரி கன்னட நைட் ஸ்கூல்ல படிச்சு, அப்புறம் கல்லால உக்காந்தவங்க நெறைய. 1966ல சிவசேனா ஆரம்பிச்சதும் தென்னிந்தியாக்காரங்கள வெரட்ட போட்ட லுங்கிய தூக்கு கோஷத்துல கல்லடி பட்டது அவங்க கண்ணாடியும்தான். உடுப்பி ஹோட்டலுக்கு எதிரா வடா பாவ் வண்டிய கட்சியே வளத்து விட்ட கதையும் அப்பத்தியதுதான். 2025 ஜூலைல எம்எல்ஏ ஹாஸ்டல் கேண்டீன்ல பருப்பு ஊசிப்போச்சுன்னு ஒரு எம்எல்ஏ வேலை செய்யறவர அறைஞ்ச வீடியோ பாத்திருப்பீங்க, அடிச்சிட்டு அவரு பேசுனதும் தென்னிந்தியாக்காரனுக்கு ஏன் கான்ட்ராக்ட்னுதான். அறுபது வருஷத்துல வசனம் மாறல.

பசவனகுடி_பாஸ்கர் | 15:02

பெங்களூர்லேருந்து. இங்க எம்டிஆர் 1924, வித்யார்த்தி பவன் 1943, எல்லாத்துக்கும் வரலாறு பக்காவா இருக்கு. உலகப் போர் நேரத்துல அரிசி கிடைக்கலன்னு எம்டிஆர்ல ரவா இட்லி கண்டுபிடிச்சாங்கன்னு சின்னக் கொழந்த கூட சொல்லும். நீங்க மும்பைக்காரங்க இட்லி பத்தி பேசறதே காமெடி

டோம்பிவிலி_லோக்கல் | 15:04

அண்ணே ரவைய இட்லின்னு சொல்ற ஊர்லேருந்து வந்து எங்களுக்கு பாடம் எடுக்காதீங்க

பசவனகுடி_பாஸ்கர் | 15:09

😂 சரி விடு. ஆனா சீரியஸா, அல்சூர்ல காலைல வாசல்ல இட்லி சுட்டு விக்கற அக்காங்க இருக்காங்க, அவங்களையும் யாரும் எழுதல.

ரீல்_ராசாத்தி | 19:15

நான் எழுதல, ஆனா ரீல் போட்டேன். போன வருஷம் அந்தேரில ஒரு சைக்கிள் அண்ணாவ பின்தொடர்ந்து ஒரு நாள் முழுக்க எடுத்தேன். வியூஸ் நல்லா வந்துச்சு, கமெண்ட்ல என்ன தெரியுமா? முக்காவாசி "சீ நியூஸ்பேப்பர்ல குடுக்கறான்". சட்னி அவ்ளோ பச்சையா அழகா இருந்துச்சு, ஒருத்தரும் அத பேசல. நியூஸ்பேப்பர் தப்புதான், மை சாப்பாட்டுல ஒட்டும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லயும் சொன்னாங்க, 2023லயும் சொன்னாங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா அதே பேப்பர்ல வடா பாவ் வாங்கித் தின்னுட்டுதான் அவங்க கமெண்ட் போடறாங்க.

அந்த அண்ணா என்கிட்ட ஒண்ணு கேட்டாரு, இந்த வீடியோவ பாத்து எங்கிட்ட வாங்க வருவாங்களா, இல்ல கடைய தூக்கற முனிசிபாலிட்டி வண்டிக்காரன் வருவானான்னு. எனக்கு பதில் தெரியல. லொக்கேஷன் போடாம விட்டேன்.

மைக்ரோ_முருகன் | 20:30

டெக்னிக்கல் டவுட். மும்பை ஐசிடி கெமிக்கல் டெக்னாலஜி காலேஜ்ல பிஜி பண்ணும்போது புளிப்பு பத்தி கொஞ்சம் படிச்சேன். இட்லி மாவுல பொங்க வைக்கறது முக்கியமா லூகனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியா, நாம போடற ஈஸ்ட் இல்ல, உளுந்துலயே வருது. சூடு கூடினா சீக்கிரம் புளிச்சுப் போகும், குளிர்ல பொங்காது. மும்பைல மே மாசத்துக்கும் ஜனவரிக்கும் நடுவுல அவ்ளோ வித்தியாசம், ஆனா சைக்கிள் இட்லி வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாம எப்படி மேனேஜ் பண்றாங்க? சோடா போடறாங்களா?

கிங்ஸ்சர்க்கிள்காரன் | 20:41

இந்த மாதிரி கேள்விதான் நான் எதிர்பாத்தேன். யாருக்காவது தெரியுமா?

90அடி_ரோடு | செவ்வாய், இரவு 11:52

ரெண்டு நாளா படிச்சிட்டுதான் கெடக்கேன், எழுதவா வேண்டாமான்னு யோசன. எங்க வீடு தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ள ஒரு கல்லில, சந்துன்னு சொல்லுங்க, கீழ அடுப்பு, மேல மாலாவுல, அதாவது மாடி ரூம்புல நாங்க. எங்கப்பா 1988ல வந்தாவ. நாங்குநேரி தாண்டி ஒரு கிராமம், ஊர்லேருந்து மெட்ராஸ், அங்கேருந்து பம்பாய் மெயிலு. மொத மூணு வருசம் இன்னொரு அண்ணாச்சி வீட்டு இட்லிய கமிசனுக்கு தலைல சுமந்து வித்தாவ, அப்புறம் சைக்கிளு, அப்புறம்தான் சொந்த அடுப்பு.

முருகன் அண்ணே, சோடா சில வீட்டுல போடுவாவ, பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுல போட்டா எங்கம்மைகிட்ட சட்டாப்ப அடிதான். மே மாசம் மாவ ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஆட்டுவா, உப்பு காலைல. ஜனவரில சாயங்காலம் நாலு மணிக்கே ஆட்டி, அடுப்புப் பக்கத்துல வச்சு சாக்கு போத்தி விடுவா. மழை மாசந்தான் ரொம்ப கஷ்டம், ஒரு நாளு பொங்கும் ஒரு நாளு சும்மா கெடக்கும். அவ கைய விட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு சொல்லிருவா, இன்னிக்கு உளுந்து காணாதுன்னு. நாலுக்கு ஒண்ணுன்னு கணக்கு, ஆனா புது உளுந்து வந்தா மாறும், பழசுன்னா மாறும், அதெல்லாம் எழுதி வைக்கல, அவ கைலதான் இருக்கு. நான் பிகாம் படிச்சிருக்கேன், எனக்கு அந்தக் கணக்கு இன்னும் வரல.

அப்புறம் இன்னொரு சங்கதி, நீங்க எல்லாரும் மாவ பத்திக் கேக்கீங்க, தண்ணிய பத்தி யாரும் கேக்கல. எங்க கல்லில கொழாத் தண்ணி வரது ஒரு நாளைக்கு சில மணி நேரந்தான். அந்த நேரம் மாறிட்டுன்னா அரிசி ஊறப்போடுத நேரம் மாறும், அரைக்க நேரம் மாறும், அடுத்த நாளு காலைல லோயர் பரேல்ல உங்க அண்ணா பத்து நிமிசம் லேட்டா வந்தாருன்னா அது தண்ணியாத்தான் இருக்கும், தூங்கிட்டாருன்னு நெனைக்காதீங்க.

மூணு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். துணி போட்ட தட்டு, அடுக்கு அடுக்கா. ஒருத்தி ஊத்துவா, ஒருத்தி எடுப்பா, எங்க அக்கா சின்ன வயசுலேருந்து துணிய உரிக்குததுதான் வேல, இன்னும் அவ வெரல் நுனில தோலு தடிச்சுதான் இருக்கும். சட்னிக்கு தேங்கா பாதி, பொட்டுக்கடல பாதி. தேங்கா மட்டும் போட்டா காசும் காணாது, வெயில்ல பத்து மணிக்கே நொரை கட்டிரும். தண்ணிய கொதிக்க வச்சு ஆத்தித்தான் அரைக்கணும், பச்சத் தண்ணி ஊத்துனா மத்தியானத்துக்குள்ள போச்சு. அஞ்சரைக்கு சைக்கிள்காரங்க வந்துருவாவ. எங்க அடுப்புலேருந்து ஆறு சைக்கிளு போவுது, ஆறு பேருக்கும் ஆறு ஏரியா, ஒருத்தர் லைன்ல ஒருத்தர் போறது கெடையாது, எழுதாத சட்டம். ஒருத்தர் ஊருக்குப் போனா லைனை இன்னொருத்தர்ட்ட பாத்துக்கச் சொல்லிட்டுப் போவாரு, வந்ததும் திருப்பிக் குடுத்துருவாவ. ஊர்க் கோவில் கொடைக்கும் பொங்கலுக்கும் பாதி லைன் காலியாத்தான் கெடக்கும்.

மாமி, நீங்க எழுதுனத படிச்சேன். ஜன்னலு சாத்துன கதைய எங்கப்பாவும் சொல்லிருக்காவ, எந்தத் தெருன்னு சொல்ல மாட்டாவ. ஹாரன் அடிக்காம போகணும்னு ஒரு கட்டடத்துல சொன்னாவளாம். நீங்க எழுதுனது நல்லதுதான்.

ஆனா கிங்ஸ்சர்க்கிள் அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. சைக்கிள் அண்ணாச்சி சைக்கிள் அண்ணாச்சின்னு எழுதுதீங்க. ஹாரன் அடிக்கவரத்தான் தெருவுல எல்லாரும் பாக்காவ. அடுப்பு முன்னால மூணு மணிக்கு நிக்கவள யாரு பாக்கா? ஒரு தடவ பேப்பர்லேருந்து ஒருத்தரு வந்தாரு, ரெண்டு மணி நேரம் எங்கம்மைட்ட பேசுனாரு, இட்லி தின்னாரு, போட்டோ எடுத்தாரு. வந்த கட்டுரைல எங்கப்பா பேரு இருந்து, எங்கம்மைக்கு "அவரது மனைவி" அவ்வளவுதான். அவ படிக்கத் தெரியாதவ, நான் படிச்சுக் காட்டுனேன், அந்த எடத்துல மட்டும் அவ பேர சேத்துப் படிச்சுட்டேன்.

ரீல்_ராசாத்தி | புதன், காலை 7:10

நான் நாள் முழுக்க எடுத்தேன்னு எழுதுனேன்ல. அண்ணா சைக்கிள எடுத்ததுலேருந்து டப்பா காலியாற வரைக்கும்தான் அது. அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி இருந்துருக்குன்னு எனக்கு தோணவே இல்ல.

மைக்ரோ_முருகன் | 9:25

காலைல உப்பு! ரொம்ப நன்றி தம்பி. உப்ப முன்னாடியே போட்டா புளிப்பு கொஞ்சம் நிதானமாகும்னு ஒரு கட்சி, இல்ல அதான் மாவ காப்பாத்தும்னு ஒரு கட்சி, எங்க லேப்ல இதுக்காக சண்டையே நடக்கும். ஒரு கேள்வி, கேஸா விறகா?

90அடி_ரோடு | 13:30

கேஸுதான் இப்ப. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரு. வீட்டு 14.2 கிலோவுல செய்தா மாட்டுனா அவ்வளவுதான். முன்னால பழைய பெட்டிப் பலகை, தச்சுப் பட்டறைத் துண்டு எல்லாம் எரிச்சோம், எங்கம்மைக்கு இப்பவும் இருமல் இருக்கு.

செம்பூர்_சீனு | 13:48

தம்பி, தாராவிய இடிச்சுக் கட்டற ரீடெவலப்மென்ட் சர்வே உங்க கல்லிக்கு வந்தாச்சா? 2024 மார்ச்ல ஆரம்பிச்சது. கீழ அடுப்பு மேல வீடுன்னு சொல்றீங்க, அதான் கேக்கறேன். 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்த கீழ்த்தள வீட்டுக்குத்தான் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி ஃப்ரீயா. 2011 வரைக்கும் வந்தவங்களுக்கு வெளிய, ரெண்டரை லட்சம் கட்டணும். மாலால இருக்கறவங்களுக்கு வெளிய எங்கயோ வாடகைத் திட்டம்.

90அடி_ரோடு | 23:40

வந்துட்டு. நம்பர் போட்டுட்டுப் போயிருக்காவ. எங்ககிட்ட 1994 லைட் பில்லு இருக்கு, எங்க கேஸ் தேறிரும்னு சொல்லுதாவ. பக்கத்து அடுப்புக்காரர் 2006ல வாங்குனவரு. அவரு அடுப்புலேருந்து நாலு சைக்கிளு போவுது. அவர முலுண்டுக்கோ தேவனாருக்கோ அனுப்பிட்டா அந்த நாலு பேரும் லைனுக்கு எப்படி வருவாவ? முலுண்டுலேருந்து வொர்லிக்கு சைக்கிள்ல வர முடியுமா, சட்னியோட? லோக்கல்ல டப்பாவ ஏத்தலாம், லக்கேஜ் பெட்டில, ஆனா அஞ்சரை மணி வண்டில மீன்காரி கூடைக்கும் பால் கேனுக்குமே எடம் கெடையாது. எங்களுக்கு 350 அடி கெடச்சாலும் அது ஏழாவது மாடியா இருந்தா ஆறு பேரு லிப்ட்ல டப்பாவோட எறங்கணும், மூணு மணிக்கு கிரைண்டர் ஓடுனா சொசைட்டி ஒத்துக்கிடுமா? சத்தத்துக்கு ஒரு கம்ப்ளெயிண்ட், பொகைக்கு ஒரு கம்ப்ளெயிண்ட். கல்லில எல்லா வீட்டுலயும் கிரைண்டர் ஓடுதுனால ஒருத்தரும் தூக்கம் கெடுதுன்னு சொல்லல.

வீடு வேண்டாம்னு சொல்லல நான், தப்பா எடுத்துக்காதீங்க. கக்கூசுக்கு வரிசைல நின்னு வளந்தவன், வீட்டுக்குள்ள கக்கூஸ் வேண்டாம்னு எவன் சொல்லுவான். எங்கக்காவுக்கு மாப்பிள்ள பாக்க வந்தவங்க அத ஒண்ண பாத்துட்டுத்தான் திரும்பிப் போனாவ. அடுப்புக்கும் ஒரு எடம் கீழயே குடுங்கன்னுதான் கேக்கோம்.

டோம்பிவிலி_லோக்கல் | 23:58

மொதல்ல நக்கலா எழுதுனதுக்கு சாரி ப்ரோ. நான் தினம் தாதர்ல எறங்கி ஒரு அண்ணாகிட்ட நாலு இட்லி வாங்கி நடந்துக்கிட்டே தின்னுட்டுப் போறவன். அவரு எப்பவும் அஞ்சாவது ஒண்ணு வைப்பாரு. ஏன்னு கேட்டதில்ல.

90அடி_ரோடு | வியாழன், 00:07

தினம் வாரவருக்கு ஒண்ணு கூடுதல், அது எல்லா லைன்லயும் உண்டு. எங்கம்மை எண்ணும்போதே அதுக்கு சேத்துதான் ஊத்துவா.

மாட்டுங்காமாமி | காலை 6:30

கொழந்தே, உங்கம்மா பேரை இங்க எழுத வேண்டாம், ஆனா அவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. தெலங் ரோடு பக்கம் யார் வரா இப்போ? எத்தனை மணிக்கு? எங்காத்துல இப்போ நானும் என் ஆத்துக்காரரும்தான், ரெண்டு பேருக்கு மாவரைச்சு வைக்க முடியலை, பாக்கெட் மாவு வாங்கினா மூணாம் நாள் வாயில வைக்க வழங்கலை.

90அடி_ரோடு | 6:44

மாமி அது எங்க சித்தப்பா மவன் லைனு. ஏழே காலுக்கு பூக்கடை முக்குல நிப்பான், ஏழரைக்கு உங்க பக்கம். டப்பா கொண்டு வாங்க, பேப்பர் வேண்டாம்னு சொல்லுங்க. தேங்கா சட்னி எட்டு மணிக்குள்ள தீந்துரும், அப்புறம் காரச் சட்னிதான்.

மாட்டுங்காமாமி | 8:20

வாங்கிண்டு வந்தேன். ஆறு கேட்டேன், ஏழு வெச்சான். முதல் நாளே.

கிங்ஸ்சர்க்கிள்காரன் | 10:15

நானும் இன்னிக்கு ஆபீஸ் வாசல்ல கேட்டுட்டேன். அண்ணா உங்க பேரு என்னன்னு. அவரு சட்னி ஊத்தறத நிறுத்திட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு, எதுக்கு தம்பி, எதுவும் கம்ப்ளெயிண்ட்டான்னாரு. இல்லண்ணா சும்மான்னேன். பேர சொன்னாரு. அப்புறம் யாரு வீட்டு அடுப்பு அண்ணா, யாரு சுடறதுன்னு கேட்டேன். அதுக்கு சிரிச்சிட்டாரு, தங்கச்சி வீட்டு அடுப்பு, 11 வருசமா தின்னுட்டு இன்னிக்குத்தான் கேக்கீயளான்னாரு.

அதுக்குள்ள பின்னாடி நாலு பேரு வந்துட்டாங்க. நாளைக்கு கொஞ்சம் சீக்கிரம் போறேன்.